வணக்கம் குற்றாலிங்கம்

நேராப் பாருங்க தம்பி. அங்க இல்ல, அந்தக் கறுப்பு வட்டத்தைப் பாருங்க. ஹெல்மெட்டைக் கழட்டுங்க. கண்ணாடியையும்தான். இப்ப அது கேக்கும், பதில் சொல்லுங்க. பேரு, ஊரு, வந்த காரியம். "கம்பெனியிலருந்து"ன்னு மொட்டையாச் சொன்னா எப்படி? எந்தக் கம்பெனி? பூட்டுக் கம்பெனின்னு சொல்லுங்க. உங்க கம்பெனி செஞ்ச பூட்டுதான், இல்லைங்கல. அதுக்காக அதுக்கு உங்களத் தெரியணும்னு இருக்கா?

ம். போன்ல அமுக்கிட்டேன். திறந்துட்டா? வாங்க. செருப்பு வெளிய கிடக்கட்டும். அடையாள அட்டை வச்சிருக்கீங்களா? காட்டுங்க. போட்டோவுல மீசை இருக்கு, நேர்ல இல்லையே? சரி சரி, உக்காருங்க. காப்பி கீப்பி கிடையாது, வீட்டுல ஆளு இல்ல.

கம்ப்ளெய்ண்ட் என்னன்னு கேக்கீங்க. சொல்லுதேன். பூட்டுல ஒரு குத்தமும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிருதேன். மனுசங்கதான் சரியில்ல. அவங்களுக்கு நீங்க என்ன ரிப்பேர் பாக்க முடியும்?

நான் முப்பத்தோரு வருசம் போக்குவரத்துக் கழகத்துல இருந்தவன். கடைசிப் பதினாலு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். பஸ்ஸுல ஏறி நின்னு ஒரு சுத்து பாத்தேன்னா போதும், யாருட்ட டிக்கெட்டு இருக்கு, யாருட்ட இல்லன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சிரும். தூங்குற மாதிரி நடிக்கிறவன், சன்னல் வழியா மலையப் பாக்குறவன், என்னயப் பாத்துச் சிரிக்கிறவன். சிரிக்கிறவனத்தான் முதல்ல பிடிக்கணும். முகம் விசயத்துல என்னய எவனும் ஏமாத்துனது கிடையாது. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னால சொல்லும்போது புரியும்.

இந்தப் பூட்டு எம்மவன் வாங்கிக் குடுத்தது. பெங்களூர்ல இருக்கான். அடுத்த தெருவுல யாரோ வந்து வாசல்ல கிடந்த சைக்கிளத் தூக்கிட்டுப் போயிட்டான்னு ஒரு வார்த்தை போன்ல சொன்னேன், அடுத்த வாரமே ஆளோட வந்து மாட்டிட்டான். தெரிஞ்ச முகம்னா தானாத் திறக்கும். தெரியாத முகம்னா பேரு கேக்கும். இருபது செகண்டுல சரியான பதில் இல்லன்னா, "உங்கள் முகம் பதிவு செய்யப்படுகிறது, தயவுசெய்து விலகிச் செல்லவும்"ங்கும். அப்புறமும் நின்னா சைரன். சத்தம் எவ்வளவு வைக்கட்டும்னு மவன் கேட்டான். எவ்வளவு இருக்குன்னேன். பத்து வரைக்கும் இருக்குன்னான். "பத்துலயே வைடே"ன்னேன்.

மூணு முகம் பதிஞ்சான். நான், எம்பொஞ்சாதி ஆவுடை, அவன். "வேற யாரப்பா சேக்கணும்?"னு கேட்டான். யோசிச்சுப் பாத்தேன். வேற யாரு இருக்கா?

அதுக்கப்புறம் பாருங்க, என்ன ஒரு நிம்மதி! கோயில் கொடைக்கு வரி பிரிக்க வந்தவங்க, சொட்டு நீலம் விக்கிற பொம்பள, பேரனுக்குப் பேரு வச்சு ஒரு தூக்குவாளியில பாயாசம் கொண்டாந்த எதிர்வீட்டு டீச்சர், எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேட்டுது. பாரபட்சம் கிடையாது. டீச்சரு நாலு தடவ "எதிர்வீடு, எதிர்வீடு"ன்னாங்க. அது பேரா? சைரன் அடிச்ச அடியில பாயாசம் பூரா அவங்க சேலையில. ஆவுடைதான் பின்வாசல் வழியா ஓடிப்போயித் தொடச்சுவிட்டா. போஸ்ட்மேன் இப்பம்லாம் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்னு லெட்டர வீசிட்டுப் போயிருதாரு. வீசட்டுமே, லெட்டரு என்ன உடைஞ்சா போயிரும்?

மாசம் பொறந்தா போன்ல ஒரு அறிக்கை வரும், நீங்கதான அனுப்புதீங்க. முதல் மாசம் அறுபத்தி மூணு பேரு வந்திருந்தாங்க. ரெண்டாவது மாசம் பதினெட்டு. மூணாவது மாசம் நாலு. நாலுல ஒண்ணு பூனை. எப்படி முன்னேற்றம் பாருங்க! ஆவுடைகிட்டக் காட்டுனேன். "நல்லாயிருக்கு"ன்னா. அவ சொல்லுற விதமே ஒரு மாதிரி இருக்கும். அவ பொழப்பு பூரா பின்வாசலுக்குப் போயிட்டு. வீட்டு வேலை பாக்குற செல்லக்கிளி, கீரைக்காரி, அந்த டீச்சரு, எல்லாம் அடுப்படிப் பக்கமா வந்து ஒக்காந்து சிரிச்சுட்டு இருப்பாங்க. நான் வந்தா சத்தம் நின்னுரும். நான் முன்வாசலப் பாத்துக்கிட்டேன்.

ஒரு நாள் ஆவுடை கடவாப் பல்லு பிடுங்கிட்டு வந்தா. கன்னம் வீங்கி, துண்டச் சுத்திக்கிட்டு நிக்கா. கதவு அவளத் தெரியலன்னுட்டு. நான் உள்ள ஒக்காந்து போன்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். "துண்ட எடுட்டி"ன்னேன். எடுத்தா. அப்பவும் தெரியலங்கு. "பேரச் சொல்லு"ன்னேன். வாயில பஞ்ச வச்சிருக்கா, பேச முடியல. கையெடுத்துக் கும்பிட்டா. நான் நெனச்சா எந்திரிச்சுப் போயித் திறக்கலாம். ஆனா மிசின் ஒண்ணு சொல்லும்போது நாம குறுக்க பூந்தா அதுக்கு என்ன மரியாதை? வீக்கம் வடிஞ்சா சரியாயிரும்னு சொன்னேன். அவ சுத்தி பின்வாசல் வழியா வந்தா. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. பல்லு வலின்னு நெனச்சுக்கிட்டேன்.

இருங்க, விசயத்துக்கு வாரேன்.

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. நெல்லைநாயகம்னு பேரு. டவுன்லதான் இருக்கான், தையக்கடை வச்சிருந்தான். ஒம்பது வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஏன்னா கேக்கீங்க? நான் கடமையச் செஞ்சேன், அதுதான் காரணம்.

நாகர்கோவில்லருந்து வாற பஸ்ஸுல, வள்ளியூருக்குக் கொஞ்சம் முன்னாடி நான் ஏறினேன். பாத்தா இவன் ஒக்காந்திருக்கான். பக்கத்துல மதினி, அவ மடியில சாஞ்சுக்கிட்டு மக வடிவு. என்னயப் பாத்துச் சிரிச்சான். நான் சொன்னேன்லா, சிரிக்கிறவனப் பத்தி? டிக்கெட்டக் கேட்டேன். மூணு பேருக்கு ரெண்டுதான் இருந்துது. "வாங்குனம்ல, எங்கனயோ விழுந்துட்டு"ன்னான். எல்லாரும் சொல்லுறதுதான். ரெண்டு நிமிசம் டயம் குடுத்தேன். சட்டைப் பையத் தேடுதான், மதினி முந்தியத் தேடுதா, அந்தப் புள்ள சீட்டுக்கு அடியில குனிஞ்சு தேடுது. பஸ்ஸே எங்களப் பாக்கு. கண்டக்டர் வந்து, "சார், நான்தான் மூணு டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தேன்"ங்கான். கண்டக்டர் பேச்சக் கேட்டுக்கிட்டா செக்கிங் எதுக்கு? "அபராதம் கட்டு, இல்லன்னா எறங்கு"ன்னேன். அவன் என்னய ஒரு பார்வை பாத்தான். எறங்கினான். கூடவே அவங்க ரெண்டு பேரும் எறங்குனாங்க. சித்திர மாசம், உச்சி வெயிலு. மதினிய நான் எறங்கச் சொல்லல, அவங்களா எறங்குனாங்க, அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சுத் தபால்ல ஒரு கவர் வந்துது. உள்ள அந்த டிக்கெட்டு. மடக்கு குடைக்குள்ள விழுந்து கிடந்துதாம். அதே தேதி, அதே வண்டி, எல்லாம் சரியாத்தான் இருந்துது. நானும் பதில் எழுதினேன். "பயணத்தின்போது காட்டப்படாத பயணச்சீட்டு செல்லாது." கையெழுத்துப் போட்டு, டிக்கெட்டையும் சேத்து வச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். அது அவன் பொருளு, நாம ஏன் வச்சுக்கிடணும்? இதுல தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க? மேலதிகாரி என்னயக் கூப்பிட்டுக் கை குடுத்தாரு. அவருங்கூடக் கொஞ்சம் தயங்கிட்டுத்தான் குடுத்தாரு, அது வேற.

சரி. இந்த ஆவணியில ஒரு வியாழக்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். நீங்க ஒக்காந்திருக்கீங்கல்லா, அதே நாற்காலியில நான் பேப்பர் படிச்சிட்டு இருக்கேன். வாசல்ல கதவு பேசுது. "வணக்கம் குற்றாலிங்கம். கதவு திறக்கப்படுகிறது."

எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுட்டு தம்பி. குற்றாலிங்கம் இங்கனலா இருக்கான்! வெளிய யாரு நிக்கா? செத்துக்கித்துப் போயிட்டமான்னு கைய ஒருக்கக் கிள்ளிப் பாத்தேன்.

கதவு திறக்கு. எங்க அண்ணன் நிக்கான். முடியெல்லாம் நரைச்சு, கன்னம் ஒட்டி. கூட மதினி, கையில தாம்பாளம். பழம், வெத்தலை, மேல கல்யாணக் கடுதாசி. வடிவுக்குக் கல்யாணம்.

"என்னல, ஒங் கதவு என்னய ஒம் பேரச் சொல்லிக் கூப்பிடுது?"ன்னு சிரிக்கான்.

ஆவுடை அடுப்படியிலருந்து ஓடியாந்தா. "வாங்க அத்தான், வாங்க அக்கா"ன்னு சொன்னவ, கதவப் பாத்தா, அவனப் பாத்தா, என்னயப் பாத்தா. அப்படி ஒரு சிரிப்பு. நிக்கவே முடியல அவளால. சிரிச்சுட்டே இருந்தவ, முந்தானைய வாயில வச்சு அழ ஆரம்பிச்சுட்டா. எதுக்கு அழணும்? மிசினு தப்புப் பண்ணினா அழுவாங்களா?

நான் அப்பவும் நிதானமாத்தான் இருந்தேன். "இது செல்லாது"ன்னேன். "கதவு ஆள் மாறித் திறந்துட்டு. வெளிய போயி நில்லு. அது பேரு கேக்கும். ஒம் பேரச் சொல்லு. நான் போன்ல பாத்து, முறைப்படி திறக்கேன். பொறவு உள்ள வா."

"ஏங்க!"ன்னா ஆவுடை.

"நீ சும்மா இரு"ன்னேன்.

அவன் வெளிய போனான். கதவு சாத்திக்கிட்டு. நான் போனக் கையில வச்சுக் காத்துட்டு இருக்கேன். "வணக்கம் குற்றாலிங்கம்"னு மறுபடியும் திறந்துட்டு. "இல்ல, திரும்பப் போ"ன்னேன். போனான். திரும்பவும் "வணக்கம் குற்றாலிங்கம்." மூணு தடவ. மூணாவது தடவ அவன் சிரிக்கல. "இன்னும் எத்தன தடவடா நான் எறங்கணும்?"னு கேட்டான்.

எறங்கணும்னா சொல்லுதான் பாருங்க! இது என்ன பஸ்ஸா?

எனக்குக் கோவம் வந்துட்டு. வயசான காலத்துல ஆளக் கேலி பண்ணுதமாதிரி இந்தக் கதவும் விடாம எம்பேரச் சொல்லுது. அவன் வாசப்படியில நிக்கும்போதே போன்ல ஒரு பட்டன் இருக்குல்லா, "இந்த முகத்தைத் தடை செய்", அத அமுக்கிட்டேன். அவ்வளவுதான். பத்துல வச்ச சைரன். "நீங்கள் அனுமதிக்கப்படாதவர், உடனே விலகிச் செல்லவும்"னு தெருவுக்கே கேக்கு. டீச்சர் வீட்டுல, மாடி வீட்டுல எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அண்ணன் மதினி கையிலருந்து தாம்பாளத்த வாங்கி வாசப்படியில வச்சான். சைரன் நிக்கிற வரைக்கும் பொறுத்து நின்னான். அப்புறம் சொன்னான்:

"அன்னைக்கு எங்கிட்ட டிக்கெட்டு இருந்துது. இன்னைக்கு எங்கிட்ட நம்ம அப்பா மூஞ்சி இருக்கு. ரெண்டுமே ஒங்கிட்டச் செல்லாது, இல்லையா?"

சொல்லிட்டுத் திரும்பிட்டான். ஆவுடை என்னயத் தாண்டிப் போனா. குனிஞ்சு தாம்பாளத்த எடுத்தா. கட்டுன சேலையோட அவங்க பின்னாலயே ஆட்டோவுல ஏறிட்டா. முன்வாசல் வழியா. நாலு மாசத்துல அவ முன்வாசல் வழியாப் போனது அன்னைக்குத்தான்னு நெனைக்கேன்.

கல்யாண வேலை இருக்கு, முடிச்சுட்டு வருவேன்னு செல்லக்கிளிட்ட சொல்லி அனுப்புனா. எனக்கு ஒரு போன் பண்ணல. அவ வரட்டும், வராமப் போகட்டும். சோறு பொங்கத் தெரியாதா எனக்கு? பொங்குதேன். குழம்புதான் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.

இப்ப கம்ப்ளெய்ண்டுக்கு வாரேன். அடுத்த நாள் காலையில பால் வாங்கிட்டுத் திரும்பி வந்து நின்னேன். கதவு என்னயப் பாத்துட்டு என்ன சொன்னது தெரியுமா? "குற்றாலிங்கம், உங்களுக்கு அனுமதி இல்லை." சைரன்! எங்க வீட்டு வாசல்ல, எம்பேரச் சொல்லி! பால் பாக்கெட்டக் கீழ போட்டுட்டேன். டீச்சரு மாடியில துணி காயப்போட்டுட்டு நின்னாங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. சிரிப்ப அடக்கத்தான், எனக்குத் தெரியாதா. அன்னையிலருந்து பதினோரு நாளா நான் பின்வாசல் வழியாத்தான் போறேன், வாரேன். போன்ல திறக்கலாம்தான். மத்தவனுக்குத் திறப்பேன், எனக்கு நானே அனுமதி குடுத்துக்கிட்டு உள்ள வரணுமா? அதுவும் அந்தப் பொம்பளக் குரலு "அனுமதிக்கப்படாதவர்"ன்னு ஒரு தடவ சொல்லித்தான் விடுது.

அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன். அவன் முகம் வேற, எம்முகம் வேறன்னு இதுக்குப் படிச்சுக் குடுங்க. அவன் மூக்கு கொஞ்சம் சப்பை. எனக்கு நெத்தி அகலம். பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.

என்ன செய்யணும்? இது பதிஞ்சு வச்ச படத்தையெல்லாம் நீங்க ஒவ்வொண்ணாக் காட்டுவீங்க, இது நான், இது அவன்னு நான் சொல்லணும். அவ்வளவுதான? காட்டுங்க. முப்பத்தோரு வருசம் இதத்தான செஞ்சேன்.

இது நான். பால் வாங்கப் போறேன். இதுவும் நான். இது அவன், பாருங்க எப்படிச் சிரிக்கான்னு. இது நான். அடுத்தது? இதுவும் நான்தான். நல்லாத் தெரியுதே, எங்க அப்பா மாதிரி அந்தத் தாடை... என்ன? இல்லையா?

எங்க, பெருசு பண்ணுங்க.

வளையல் போட்ட கை எங்க? ஓரத்துலயா. ம். அது மதினி கைதான். ஆமா, தாம்பாளம் இருக்கு.

வெளிச்சம் சரியில்ல தம்பி. உங்க கேமரா மட்டமானது. இத யாரு பாத்தாலும் நான்னுதான் சொல்லுவாங்க.

இது எப்ப எடுத்தது? ரெண்டாவது தடவ வெளிய போனான்லா, அப்ப. கதவு சாத்தியிருக்கு. உள்ள நான் போன வச்சுக்கிட்டு நிக்கேன், வெளிய அவங்க நிக்காங்க. மதினி ஏதோ சொல்லுதாங்க. சத்தம் உண்டா இதுல? எனக்குத் தெரியாதே. நான் படத்த மட்டுந்தான் பாப்பேன். வைங்க கேப்போம். கூட்டி வைங்க.

...

இன்னொரு தடவ போடுங்க.

"போயிருவமா, நமக்கு எதுக்கு"ன்னு மதினி கேக்காங்க. அவன் சொல்லுறது கேட்டுதா உங்களுக்கு? "கொஞ்சம் இருட்டி. அவன் செக்கிங்காரன்லா. ரெண்டு மூணு தடவ பாப்பான், பொறவு விட்டுருவான்"ங்கான். சொல்லிட்டுச் சட்டைக் காலர இழுத்துவிட்டுக்கிடுதான் பாருங்க. அவன் தச்ச சட்டைதான் அது, அந்தத் தையல் எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேந்த அன்னைக்குப் போட்டுட்டுப் போன காக்கிச் சட்டையும் அவன் தச்சதுதான்.

போதும், அணைச்சிருங்க.

மணி என்ன தம்பி? பத்தே காலா? ஒம்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். யாருக்கா? வடிவுக்குத்தான். இன்னைக்குத்தான் கல்யாணம். டவுன்ல, ரத வீதிக்குப் பக்கத்துல ஒரு மண்டபம். உங்க ஆபீஸ்ல எந்தத் தேதிக்கு வரட்டும்னு கேட்டாங்க, நான்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். இன்னைக்கு வேற சோலி இல்ல, வீட்டுலதான் இருப்பேன்னு சொன்னேன்.

பூட்ட அப்படியே விட்டுருங்க. அப்புறம் பாத்துக்கிடலாம். ஹெல்மெட்டு ஒண்ணுதான் இருக்கா? பரவாயில்ல, மெதுவாவே போங்க. நீங்க டவுன் வழியாத்தான போவீங்க? ஆர்ச்சுகிட்ட எறக்கிவிட்டா நடந்துக்கிடுவேன். வேட்டி மாத்திட்டு வந்துருதேன். பெட்டிச் சாவிய ஆவுடை எங்க வச்சிருக்கான்னு தெரியல... சரி, இதே வேட்டி போதும்.

தாலி கட்டுறதப் பாக்க முடியாதுதான். பந்தி ரெண்டு மணி வரைக்கும் நடக்கும்லா. ஆவுடை பரிமாறிட்டு நிப்பா, அவளுக்கு ஒக்காரத் தெரியாது. அண்ணன் பந்திய மேப்பாத்துட்டு அலைவான். நான் பேசாமப் போயி ஒரு எலையில ஒக்காந்துக்கிடுதேன். என்ன செய்வாங்க? எந்திரின்னா சொல்லுவாங்க?

சொல்லுவாங்க. ஆவுடை சொன்னாலும் சொல்லுவா.

சொன்னா எந்திரிச்சு வெளிய போவேன். கையக் கழுவிட்டு, மறுபடியும் வந்து ஒக்காருவேன். எத்தன தடவ சொன்னாலும் சரி. வண்டிய எடுங்க தம்பி.